பழைய டிராலி மாடல் கைக்கு வந்ததா? துணியைக் கீழே வையுங்கள்

பழுதுபார்க்க என்னிடம் வரும் டிராலி (அமெரிக்கத் தெரு டிராம்), இன்டர்அர்பன் வண்டிகளின் சிறு மாடல்களில் ஓடித் தேய்ந்தவை கொஞ்சம்தான். மீதி எல்லாம் யாரோ ஆசையாகத் துடைத்துக் கெடுத்தவை, இல்லையென்றால் பெட்டிக்குள் கிடந்தே கெட்டவை. மாடல் எப்படிக் கட்டுவது என்பதை இன்னொரு நாள் பேசலாம், பழையது ஒன்று கைக்கு வந்தால் என்ன செய்யக்கூடாது என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: இன்டர்அர்பன் என்பது அமெரிக்காவில் ஊருக்கு ஊர் ஓடிய மின்சார வண்டி. தெருவுக்குள் டிராம் மாதிரி ஊர்ந்து, ஊர் எல்லை தாண்டியதும் ரயில் வேகம் பிடிக்கும். தலைக்கு மேல் போகும் கம்பியில் பெரும்பாலும் 600 வோல்ட் நேர்மின்சாரம். 1888-இல் ரிச்மண்ட் நகரில் ஃபிராங்க் ஸ்ப்ரேக் மின்சார டிராமை ஓட்டிக் காட்டிய பிறகு நாடெங்கும் பரவியது, கார்கள் பெருகியதும் ஒவ்வொரு தடமாக நின்றுபோனது. லாஸ் ஏஞ்சலிஸில் பசிபிக் எலக்ட்ரிக் போட்ட தடங்களில் கடைசியானது 1961 வரை ஓடியது, சிகாகோவையும் மில்வாக்கியையும் இணைத்த நார்த் ஷோர் 1963 ஜனவரி வரை. நார்த் ஷோரில் 1941-இல் வந்த எலக்ட்ரோலைனர் வண்டிக்குள்ளேயே பர்கர் கிடைக்கும், அதற்குப் பெயரே எலக்ட்ரோபர்கர்! இந்த வண்டிகளில் ஏறி வளர்ந்தவர்கள்தான் 1:48 அளவு ஓ ஸ்கேலிலும் 1:87 அளவு எச்.ஓ. ஸ்கேலிலும் மாடல் கட்டினார்கள். ஜப்பானிலும் பிறகு கொரியாவிலும் கையால் பற்றவைத்த பித்தளை மாடல்களை வாங்கிச் சேர்த்தார்கள். அந்தச் சேகரிப்புகள் இப்போது பேரப்பிள்ளைகள் கைக்கும் இணைய ஏலத்துக்கும் வருகின்றன.

பெட்டியைத் திறந்ததும் பார்க்க வேண்டியது மாடலை அல்ல, அதைச் சுற்றியிருக்கும் ஸ்பாஞ்சை. அந்தக் காலத்துப் பாலியூரித்தேன் ஸ்பாஞ்சு நாளாக ஆகப் பிசுபிசுத்து, பெயின்டோடு ஒட்டிக்கொண்டு, பித்தளையையும் கறுக்க வைக்கும். பிய்த்தால் பெயின்டும் கூடவே வரும், அதனால் சுரண்டாமல் வெளியே எடுத்து, அமிலமில்லாத டிஷ்யூ தாளில் சுற்றி வையுங்கள்.

அடுத்தது பாலிஷ். பித்தளை என்றதும் பூஜைச் சாமான் நினைவில் பளபளவென்று தேய்த்துவிடுகிறார்கள். தேய்த்தால் ஊசிமுனை அளவு ரிவெட் (ஆணித்தலை) வரிசைகள் மழுங்கும், அது கண்ணுக்குத் தெரியும் சேதம். தெரியாத சேதம் அம்மோனியா. பித்தளை பாலிஷ்களிலும் கண்ணாடி துடைக்கும் திரவங்களிலும் பலவற்றில் அது இருக்கிறது. மடித்த, அழுத்தி உருவாக்கிய பித்தளைக்குள் இறுக்கம் தங்கியிருக்கும். அந்த இடத்தில் ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்தால் உலோகம் மயிரிழையாக வெடிக்கும். இது முதலில் பெரிய அளவில் தெரிய வந்தது இந்தியாவில்தான், பிரிட்டிஷ் ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் விரிசல் விட்டபோது. தோட்டாக்களை வைத்திருந்தது குதிரை லாயங்களில். அம்மோனியா வந்தது குதிரை மூத்திரத்திலிருந்து. 1921-இல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் காரணத்தை விளக்கினார்கள். மாடலின் மூலை மடிப்புகளுக்கும் அதே வேதியியல்தான். மென்மையான பிரஷ்ஷால் தூசு தட்டுங்கள், ரொம்ப அழுக்கென்றால் பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் காய்ச்சி வடித்த நீர். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

சரி, சில மாடல்களின் மேல் பூத்திருக்கும் வெள்ளைப் பொடிக்கு வருவோம், இது உடம்பு சம்பந்தப்பட்டது. பழைய மாடல்களில் கூரைக் காற்றோட்ட மூடி, படிக்கட்டு, விளக்கு மாதிரி சின்னச் சின்ன உறுப்புகளை ஈயம் கலந்த வெள்ளை உலோகத்தில் வார்த்திருப்பார்கள். ஓக் மரத்திலோ பிளைவுட்டிலோ செய்த மூடிய அலமாரியில் வைத்தால், மரத்திலிருந்து வரும் அமில ஆவி பட்டு ஈயம் மாவு மாதிரிப் பூக்கும். அது ஈயக் கார்பனேட், விஷம். கப்பல் மாடல் வைத்திருக்கும் அருங்காட்சியகங்களுக்கு இது பழைய தலைவலி. பார்த்தால் வாயால் ஊதாதீர்கள். கையுறை, முகமூடி போட்டு ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்து, மாடலை அந்த அலமாரியிலிருந்து நிரந்தரமாக மாற்றுங்கள். அப்புறம் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், தாத்தாவின் பொம்மைதானே என்று தோன்றினாலும்.

சக்கரங்களைத் தாங்கும் போகி சட்டத்திலோ கியர் பெட்டியிலோ நுண்ணிய விரிசல் வலை போல ஓடி, உறுப்பே உப்பியிருந்தால் அது துத்தநாகக் கலவையின் நோய். வார்க்கும்போது ஈயம் போன்ற மாசு கலந்துவிட்டதால் உள்ளிருந்தே அரிக்கும். எண்ணெய் விட்டாலும் பசை போட்டாலும் நிற்காது. புது உறுப்பு வார்ப்பதுதான் வழி. பக்கத்து மாடலுக்குத் தொற்றிவிடும் என்று பயந்து தூக்கி எறிபவர்களும் உண்டு, தொற்றாது.

பெயின்ட் உரிக்க நினைப்பவர்களுக்கு: அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்குக் கடும் வரம்பு வந்ததே 1978-இல்தான். அதற்கு முந்தைய மஞ்சளிலும் ஆரஞ்சிலும் ஈயக் குரோமேட் இருக்கலாம். உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. விட்டுப்போன உறுப்பைச் சால்டரிங் செய்து ஒட்டும்போது ஈயப் புகை வரும் என்று பயப்படுகிறார்கள், ஆனால் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த பற்று 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாவது மிக மிகக் குறைவு. புகை, பற்று பிடிக்கத் தடவும் ஃப்ளக்ஸில் உள்ள ரோசின் என்ற பைன் பிசினுடையது, அது ஆஸ்துமா வரவழைக்கும். ஈயம் உள்ளே போவது விரல் வழியாக, டீயும் பிஸ்கட்டும் வேலை மேசையில் இருந்தால்.

ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். கூடவே வந்த பழைய பவர் பேக்கைச் செருகாதீர்கள், ரப்பர் வயர் வெடித்திருக்கும், உள்ளே மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் செலீனியம் ரெக்டிஃபையர் இருந்து அது கருகினால் நாற்றமும் விஷப் புகையும்தான். புதிய 12 வோல்ட் கன்ட்ரோலர் வாங்குங்கள். கரண்ட் கொடுக்கும் முன் சக்கரத்தைப் பிடித்துத் திருகிப் பார்க்கவும் வேண்டாம், பெரும்பாலும் வொர்ம் கியர் (திருகு போன்ற கியர்), சக்கரத்திலிருந்து சுற்றாது, பல்தான் போகும். மேல்கூட்டைக் கழற்றி மோட்டார் தண்டை விரலால் மெதுவாகத் திருப்புங்கள். இறுக்கமாக இருந்தால் பழைய கிரீஸ் கெட்டியாகிவிட்டது, அதை எடுத்துவிட்டுப் புதிது வைத்த பிறகு ஓட்டலாம்.