மனப்பாடமான பாட்டுக்கும் ஏன் புல்லரிக்குது?

ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "ஒரு பாட்ட பல வருஷமா கேக்குறேன். எங்க வயலின் நுழையும், எங்க பாடகர் மூச்சு இழுப்பார்ங்கற வரைக்கும் மனப்பாடம். ஆனாலும் அந்த இடம் வந்தா கை முடியெல்லாம் எழுந்து நிக்குது. தெரிஞ்ச விஷயத்துக்கு உடம்பு ஏன் இப்படி பண்ணுது?"

சூப்பர் கேள்வி. பாதிப்பேர் "அதெல்லாம் உணர்வுங்க, அறிவியலுக்கு எட்டாது"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. ஓரளவுக்கு எட்டும். அதுவும் இந்தக் கேள்விக்குள்ள ஒரு நிஜமான சிக்கல் இருக்கு, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

பள்ளிக்கூடத்துல படிச்சதெல்லாம் வேகமா தாண்டிடுவோம். காத்தழுத்தம் ஏறி இறங்குது, செவிப்பறை அதிருது, மூணு குட்டி எலும்பு அந்த அதிர்வ உள்காதுல இருக்கற காக்ளியாவுக்கு கடத்துது, அங்க இருக்கற முடி செல்கள் அத மின் சிக்னலா மாத்தி மூளைக்கு அனுப்பிடுது. புல்லரிப்புன்னா ஒவ்வொரு முடிக்கும் அடியில இருக்கற சின்னத் தசை சுருங்கறது. நம்ம இஷ்டத்துக்கு அத சுருக்க முடியாது, குளிருக்கும் பயத்துக்கும் வேலை செய்யற பரிவு நரம்பு மண்டலம்தான் அதையும் இழுக்குது. பாட்டு சாப்பாடும் இல்ல, ஆபத்தும் இல்ல, அப்புறம் எதுக்கு இந்த நரம்பு முழிச்சுக்குது?

இங்கதான் டோபமைன் வருது, மூளையில நரம்பு செல்கள் ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்ப பயன்படுத்தற ஒரு ரசாயனம். உடனே "ஆமா, மகிழ்ச்சி ஹார்மோன்"னு சொல்லாதீங்க, அந்தப் பேர கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ்னு ஒரு விஞ்ஞானி குரங்குகளோட டோபமைன் நியூரான்கள, அதாவது டோபமைன சுரக்கற நரம்பு செல்கள, நேரடியா அளந்தார். எதிர்பாராம ஜூஸ் கிடைச்சா நியூரான் படபடன்னு சுடும், அதாவது மின் சிக்னல அடுக்கடுக்கா அனுப்பும். லைட் எரிஞ்சா கொஞ்ச நேரத்துல ஜூஸ் வரும்னு குரங்கு பழகினதுக்கு அப்புறம், லைட்டப் பாத்ததுமே நியூரான் சுடும், ஜூஸ் வர்றப்ப கப்சிப்புன்னு இருக்கும். லைட் எரிஞ்சும் ஜூஸ் வரலேன்னா, அது வரவேண்டிய அதே நேரத்துல நியூரானோட சத்தம் வழக்கத்தவிட கீழ இறங்கிடும். அதாவது இந்த நியூரான் சொல்றது "நல்லா இருக்கு" இல்ல, "நெனச்சதவிட நல்லா இருக்கு" அல்லது "நெனச்சதவிட மோசம்". எதிர்பார்ப்புக்கும் கிடைச்சதுக்கும் உள்ள வித்தியாசம், அவ்ளோதான்.

இப்போ சிக்கல் புரியுதா? இந்தக் கணக்குப்படி மனப்பாடமான பாட்டு செத்துப்போயிருக்கணும். எல்லாமே தெரியும், வித்தியாசம் பூஜ்யம், டோபமைனுக்கு வேலையே இல்ல. ஆனா புல்லரிக்குது.

கனடாவுல மான்ட்ரியல்ல மெக்கில் பல்கலைக்கழகத்துல ராபர்ட் ஸட்டோரேயோட குழு இத ரொம்ப நாளா துருவிட்டு இருக்கு. 2001லயே ஆன் பிளட்னு ஒரு ஆய்வாளரும் அவரும் சேர்ந்து, புல்லரிக்கறப்ப மூளையில சாப்பாடு, காமம், போதை இதுக்கெல்லாம் எழும்பற அதே பகுதிகள் எழும்புதுன்னு காட்டிட்டாங்க. அடுத்து 2011ல வலோரி சலிம்பூர் தலைமையில வந்த ஆய்வு இருக்கே, அத எத்தன தடவ படிச்சாலும் சலிக்கல. ஆய்வுக்கு வந்தவங்க அவங்கவங்களுக்கு புல்லரிக்கற இசைய அவங்களே கொண்டு வரணும். வரிகள் இல்லாத இசையா இருக்கணும், இல்லேன்னா இசைக்கு சிலிர்த்தாங்களா வார்த்தைக்கு சிலிர்த்தாங்களான்னு பிரிக்க முடியாது. டோபமைன எப்படி அளந்தாங்கன்னா, ராக்ளோப்ரைடுன்னு ஒரு பொருள்ல லேசா கதிரியக்கம் ஏத்தி ஊசியா போட்டாங்க. டோபமைன் போய் உக்கார்ற அதே ஏற்பியிலதான் இதுவும் உக்காரும். டோபமைன் நெறைய சுரந்தா இதுக்கு எடம் கிடைக்காது. அதனால கதிரியக்கத்த வெச்சு படம் பிடிக்கற பெட் (PET) ஸ்கேன்ல ராக்ளோப்ரைடு எங்க கம்மியா தெரியுதோ, அங்க டோபமைன் கொட்டியிருக்குன்னு அர்த்தம்! ஆனா பெட் ஸ்கேன் ரொம்ப மெதுவு, எந்த நொடியில கொட்டுச்சுன்னு சொல்லாது, அதுக்காக அதே ஆட்கள திரும்ப, மூளையில ரத்த ஓட்டம் மாறறத வேகமா காட்டற எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன்ல படுக்க வெச்சு நேரத்தையும் பிடிச்சாங்க.

வந்த விடை: ரெண்டு நேரம், ரெண்டு எடம். புல்லரிக்கறதுக்கு முன்னாடி, "இதோ வரப்போகுது"ன்னு காத்திருக்கற நொடிகள்ல காடேட்ங்கற பகுதி. புல்லரிக்கற நொடியில நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ். அதாவது காத்திருப்புக்கே தனியா கூலி உண்டு. குரங்குக்கு லைட் எரிஞ்ச மாதிரிதான் இதுவும், அந்த இடத்துக்கு முன்னாடி வர்ற நாலு தாளக்கட்டு நமக்கு லைட். பாட்டு தெரிஞ்சிருந்தாதான் காத்திருக்கவே முடியும், அதனால தெரிஞ்சிருக்கறது இங்க நஷ்டம் இல்ல, முதலீடு. வேணும்னா சோதிச்சுப் பாருங்க, முன்னாடி உள்ளதெல்லாம் தள்ளிவிட்டுட்டு நேரா அந்த நொடியிலேர்ந்து போடுங்க. எனக்கு ஒண்ணுமே வராது.

ஆனா இது பாதி விடைதான். காத்திருப்பு சரி, அந்த நொடிக்கு எப்படி கூலி வருது? ஷூல்ட்ஸ் கணக்குப்படி அங்க கப்சிப்புன்னுல்ல இருக்கணும்?

இதுக்கு இசை உளவியல்ல ஜம்ஷெத் பரூச்சா மாதிரியானவங்க சொன்ன விளக்கத்த நான் நம்புறேன். நமக்குள்ள எதிர்பார்ப்பு ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணு "இந்தப் பாட்டு" பத்தின ஞாபகம், அதுக்கு எல்லாம் தெரியும். இன்னொண்ணு "பொதுவா பாட்டு எப்படிப் போகும்"ங்கற பழக்கம், பொறந்ததுலேர்ந்து கேட்ட எல்லாப் பாட்டுலேர்ந்தும் யாரும் சொல்லிக்கொடுக்காம தானா சேர்ந்தது, இந்த சுரத்துக்கு அப்புறம் பெரும்பாலும் இது வரும்ங்கற புள்ளிவிவரம். இந்த ரெண்டாவது ஆளு தானா ஓடுவான், வேகமா ஓடுவான், முதல் ஆளுகிட்ட எதையும் கேட்டுத் தெரிஞ்சுக்க மாட்டான். அதனால எத்தனாவது தடவ கேட்டாலும் மெட்டு எதிர்பாராத பக்கம் திரும்பறப்ப அவன் ஏமாந்துதான் போவான். முல்லர்-லையர் கோடு ஞாபகம் இருக்கா, ரெண்டு கோடும் ஒரே நீளம், முனையில அம்புக்குறி மட்டும் மாறியிருக்கும். ஸ்கேல் வெச்சு அளந்து தெரிஞ்சுக்கிட்ட அப்புறமும் ஒண்ணு நீளமாத்தான் தெரியும், ஏன்னா நமக்குத் தெரிஞ்சது கண்ணுக்குத் தெரியாது. காதும் அப்படித்தான். முதல் ஆளுக்கு "வரப்போகுது"ங்கற ஆவல், ரெண்டாவது ஆளுக்கு நிஜ அதிர்ச்சி, ரெண்டும் ஒரே நொடியில சேருது. முதல் தடவ கேக்குறப்ப அதிர்ச்சி மட்டும்தான் இருக்கும், ஆவல் இருக்காது. சில பாட்டு மூணாவது நாலாவது தடவதான் பிடிக்க ஆரம்பிக்கறதுக்கு இதுதான் காரணமா இருக்கும்னு நெனைக்கிறேன்.

இது எந்த மாதிரி இடங்கள்ல நடக்கும்னு 1991லயே ஜான் ஸ்லோபோடாங்கற இசை உளவியலாளர் தேடிப் பாத்திருக்கார். ஹார்மனி, அதாவது சுரங்கள் சேர்ந்து ஒலிக்கற விதம், திடீர்னு புதுசா திரும்பற இடங்கள்ல சிலிர்ப்பு. மெட்டு போய் நிக்க வேண்டிய சுரத்துல நேரா நிக்காம, பக்கத்து சுரத்துல கொஞ்சம் தொங்கிட்டு அப்புறம் இறங்கற இடங்கள்ல கண்ணீர். அந்தத் தொங்கலுக்கு அழுவோம்னு யாராவது யோசிச்சிருப்போமா! அப்புறம் 2019ல அமெரிக்க ஹிட் பாட்டுகள்லேர்ந்து சுமார் 80,000 கார்டுகள (chord, ஒண்ணா ஒலிக்கற சுரக்கூட்டம்) கம்ப்யூட்டர் மாடல்ல போட்டு ஒரு ஆய்வு வந்துச்சு. அடுத்தது இதுதான்னு நிச்சயமா நம்பறப்ப அது பொய்யானா பிடிக்குது, என்ன வரும்னே புரியாம குழம்பியிருக்கறப்ப சாதாரணமான கார்டு வந்தா பிடிக்குது. வெறும் அதிர்ச்சியா அடுக்கினா போதும்னு நெனைக்கற இசையமைப்பாளர்கள் இத கவனிக்கணும்.

பிடிச்ச பாட்ட அலாரமா வெக்கற பழக்கம் இருந்தா விட்டுடுங்க. பாட்டு ஆரம்பிக்கும், அந்த இடம் வர்றதுக்குள்ள அணைச்சிடுவீங்க. குரங்குக்கு லைட் எரிஞ்சும் ஜூஸ் வராத கதைதான் தினமும் காலையில நடக்குது.

இவ்ளோ அழகான விஷயம் இருக்க, சுத்தறதெல்லாம் வேற. 432 ஹெர்ட்ஸ்ல சுருதி வெச்சா பிரபஞ்சத்தோட இணையும்னு ஒரு கூட்டம். ஹெர்ட்ஸ்ங்கறது ஒரு நொடிக்கு எத்தன அதிர்வுங்கற கணக்கு, நொடிங்கறது மனுஷன் வகுத்த அளவு, பிரபஞ்சத்துக்கு நொடி தெரியாது. இன்னொண்ணு மொஸார்ட் கேட்டா குழந்தைக்கு மூளை வளரும்ங்கறது. 1993ல வந்த அந்த மூல ஆய்வுல குழந்தையே கிடையாது, 36 கல்லூரி மாணவர்கள், பேப்பர மடிச்சு வெட்டற மாதிரியான கணக்குல கொஞ்சம் முன்னேற்றம், அதுவும் 10-15 நிமிஷத்துல காலி. அத நம்பி 1998ல அமெரிக்காவோட ஜார்ஜியா மாநில கவர்னர் பொறக்கற குழந்தைகளுக்கெல்லாம் சிடி குடுக்க 1,05,000 டாலர் பட்ஜெட்ல கேட்டார். அந்தக் காசுல எத்தன ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகை குடுத்திருக்கலாம்னு நெனச்சா வயிறு எரியுது.

சரி, டோபமைன் நிஜமாவே காரணமா, இல்ல சும்மா கூட வர்றதான்னு சந்தேகம் வரணும், வந்தா நீங்க சரியான வாசகர். 2019ல பார்சிலோனாவுல ஒரே ஆட்களுக்கு வேற வேற நாள்ல டோபமைன ஏத்தற லெவோடோபா, அத தடுக்கற ரிஸ்பெரிடோன், வெறும் டம்மி மாத்திரைன்னு மூணும் குடுத்துப் பாத்தாங்க. லெவோடோபா நாள்ல இன்பம் கூடுச்சு, பாட்டுக்கு கைக்காசு அதிகமா செலவு பண்ணவும் தயாரா இருந்தாங்க, ரிஸ்பெரிடோன் நாள்ல ரெண்டும் கொறஞ்சுது.

அதே பார்சிலோனாவுல 2014ல இன்னொண்ணு கண்டுபிடிச்சிருந்தாங்க. மக்கள்ல சுமார் 3லேர்ந்து 5 சதவீதம் பேருக்கு இசை எந்த இன்பமும் தர்றதில்ல. காது நல்லா கேக்குது, மன அழுத்தமும் இல்ல. சோகப் பாட்டப் போட்டா "இது சோகப் பாட்டு"ன்னு சரியாவே சொல்றாங்க, ஆனா இதயத்துடிப்புலயும் தோல்லயும் ஒண்ணும் மாறல. பணம் ஜெயிக்கற விளையாட்டு குடுத்தா மட்டும் எல்லாரையும் போலவே உற்சாகம். ஒலிய கேக்கற பகுதிக்கும் கூலி குடுக்கற பகுதிக்கும் நடுவுல பேச்சுவார்த்தை கம்மின்னு பின்னால தெரிஞ்சுது. உங்க நண்பர் யாராவது அப்படி இருந்தா, "இத மட்டும் கேளேன், அழுதுடுவ"ன்னு ஹெட்ஃபோன அவர் காதுல திணிக்காதீங்க. பணமா குடுங்க, சந்தோஷமா வாங்கிப்பார்.