எடை எங்கே உட்காருகிறது: பழைய பந்தயப் படகு டீசலுக்கு மாறும்போது

1960ஆம் ஆண்டு மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நசாவுக்கு நடந்த விசைப்படகுப் பந்தயத்தின்போது கடல் கடுமையாகக் கொந்தளித்தது. டிக் பெர்ட்ராமின் 'மாப்பி' என்ற 30 அடி மரப்படகு 8 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது படகு வர மேலும் 2 மணி நேரம் ஆனது. மற்றவை வந்தது மறுநாள். முதலில் வந்த இரண்டு படகுகளின் அடிப்பாகத்தையும் வரைந்தவர் ஒருவரே, ரே ஹன்ட்.

அவர் செய்த மாற்றம் கண்ணுக்கு எளிமையானது. அதுவரை வேகப் படகுகளின் அடிப்பாகம் முன்னால் கூராக இருந்தாலும் பின்னால் போகப்போகத் தட்டையாகிவிடும். ஹன்ட், சுமார் 24 பாகைச் சரிவைப் பின்சுவர் வரை குறையாமல் கொண்டுபோனார். தட்டையான அடி அலைமீது விழும்போது மொத்தப் பரப்பும் ஒரே நொடியில் நீரை அறைகிறது. கூரான அடியில் முதலில் நடுக்கோடு நீரைத் தொடும், பிறகு இருபுறமும் படிப்படியாக இறங்கும். மோதலின் நேரம் நீள்வதால் உச்சவிசை குறைகிறது. முதுகெலும்பும் பிழைக்கிறது.

அந்த வடிவத்தை வைத்து டான் ஆரோனோ போன்றவர்கள் மயாமியில் ஃபார்முலா, டான்சி, மேக்னம், சிகரெட் என்று அடுத்தடுத்துப் படகு நிறுவனங்களைத் தொடங்கினார்கள். 1970கள், 80களில் வார்த்த அந்த ஃபைபர்கிளாஸ் உடல்களில் பலவும் தடிமனானவை. இன்றும் ஃப்ளோரிடாவின் கொட்டகைகளில் அவை கிடக்கின்றன. வீணானது உடல் அல்ல, உள்ளே இருப்பவைதான்: பெட்ரோலை விழுங்கும் இரண்டு வி8 என்ஜின்கள், குனிந்துதான் நுழைய முடிகிற ஒரு சிற்றறை, ஊறிப்போன பிளைவுட். இப்படி ஒரு படகைக் குப்பைக்கு அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதை நடுவில் சுக்கான் மேடையும் சுற்றிலும் நடக்கத் திறந்த தளமும் கொண்ட டீசல் மீன்பிடிப் படகாக, அதாவது 'சென்டர் கன்சோல்' ஆக மாற்றுவது மிகவும் தகுந்த மறுவாழ்வு. ஆனால் இந்த வேலை முழுக்க முழுக்க எடைக் கணக்கு.

முதலில் வெட்டுதல். மேல்தளமும் அடிப்பாகமும் சேர்ந்து ஒரு மூடிய பெட்டியாக இருப்பதால்தான் படகு முறுக்கத்தைத் தாங்குகிறது. முன்தளத்தை அறுத்து எடுத்தால் அந்தப் பெட்டி திறந்துவிடும். அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், ஒரு பக்கம் அலையில் ஏறும்போது உடல் முறுக ஆரம்பிக்கும். அதனால் அறுப்பதற்கு முன்பே உடலைச் சட்டங்களில் அசையாமல் நிறுத்த வேண்டும். பிறகு உள்ளே ஓடும் நீளத் தாங்குகட்டைகளையும் குறுக்குச் சுவர்களையும் புதிதாக வைத்து, அவற்றின்மேல் தளத்தை ஒட்டி, கீழே இன்னொரு மூடிய பெட்டியை உருவாக்க வேண்டும். பழைய தாங்குகட்டைகளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், ஊறியது மந்தமாக. ஊறியதன்மேல் புதிய ஃபைபர் போடுவது வீண்.

தளத்தின் உயரம் பலர் கவனிக்காத இடம். தளத்தில் விழுந்த நீர் தானாக வெளியேற, முழுச் சுமையோடு படகு மிதக்கும்போதும் தளம் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத் தளத்தில் ஓர் அலை 10 சென்டிமீட்டர் நீரைக் கொட்டினால், அது 1,200 கிலோவுக்கு மேல். பின்சுவரில் 75 மில்லிமீட்டர் துளைகள் இரண்டே இருந்தால் அந்த நீர் வடிய 5 நிமிடம் ஆகும். மட்டம் குறையக் குறைய ஓட்டமும் தளர்வதுதான் காரணம். அந்த 5 நிமிடமும் ஒரு டன்னுக்கு மேற்பட்ட நீர் அங்குமிங்கும் சரிந்து படகைக் கவிழ்க்கப் பார்க்கும். வளைகுடா நீரோட்டத்துக்கு எதிராக வடகாற்று வீசும் நாளில் அடுத்த அலை அதற்குள் வந்துவிடும். துளைகளில் சிக்கனம் கூடாது.

இனி என்ஜின். 330 குதிரைத்திறன் கொண்ட 7.4 லிட்டர் பெட்ரோல் என்ஜின்கள் இரண்டு, பின்சுவருக்கு வெளியே தொங்கிப் புரொப்பல்லரைச் சுழற்றும் ஸ்டெர்ன் டிரைவ்களோடு சேர்ந்து ஏறத்தாழ ஒரு டன் எடை. அந்த ஒரு டன்னும் பின்சுவரை ஒட்டியே நிற்கும். அவற்றுக்குப் பதிலாக ஒரே ஒரு டீசல் வைப்பதாகக் கொள்வோம். யான்மார் நிறுவனத்தின் 4.2 லிட்டர் 6எல்பி வரிசை என்ஜின் 315 குதிரைத்திறன் தரும், எடை 400 கிலோவை ஒட்டி வரும். திறன் பாதிக்கும் கீழே போய்விட்டதே, வேகமும் பாதியாகுமா? ஆகாது. ஜார்ஜ் க்ரவுச் என்ற அமெரிக்கப் படகு வடிவமைப்பாளரின் சூத்திரப்படி, நீர்மேல் எழும்பி ஓடும் படகின் வேகம், திறனை எடையால் வகுத்து வருவதன் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 3,600 கிலோ படகு 3,000 கிலோவாக இளைத்தால், புதிய வேகம் பழையதில் நான்கில் மூன்று பங்கு. அதாவது 52 நாட் (மணிக்கு 52 கடல்மைல்) ஓடிய படகு 39 நாட் ஓடும். எரிபொருளோ வேறு கதை. இரண்டு பெட்ரோல் என்ஜின்களும் முழுவேகத்தில் மணிக்கு 200 லிட்டர் குடித்த இடத்தில், டீசல் 60 லிட்டரைச் சற்றே தாண்டும். ஒரு கடல்மைலுக்கான செலவு 60 சதவீதம் குறைகிறது. அதனால் தொட்டியும் சிறிதாகலாம், எடை இன்னும் இறங்கும்.

பாதுகாப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிக்குழியில் தேங்கி, ஒரு பொறிக்குக் காத்திருக்கும். பெட்ரோல் சுமார் -40 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும், டீசலுக்கு 50 டிகிரிக்கு மேல் வேண்டும். வெப்பமான கடலில், மூடிய என்ஜின் அறைக்குமேல் குழந்தைகளை உட்கார வைக்கும் படகுக்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

இடம்தான் அடுத்த கேள்வி. எடைமையம் அதிகம் பின்னால் இருந்தால் அணியம் எழும்பி விழுந்து, எழும்பி விழுந்து ஓடும். அதிகம் முன்னால் போனால் அணியம் அலைக்குள் புதைந்து, படகு தன் விருப்பத்துக்குத் திரும்பும். பழைய உடல் பின்னால் ஒரு டன் இருப்பதாக எண்ணி வரையப்பட்டது. அங்கே அரை டன் குறைந்தால், அந்த இழப்பைத் தொட்டியையும் பேட்டரிகளையும் பின்னால் நகர்த்திச் சரிக்கட்டலாம். மாறாக, என்ஜினைச் சுக்கான் மேடைக்குக் கீழே, நடுவில் வைத்து, அங்கிருந்து படகின் அடி வழியாகப் புரொப்பல்லருக்கு நேர்த்தண்டு விடுபவர்களும் உண்டு. கனம் நடுவில், தாழ்வாக அமைவதால் நின்றிருக்கும்போது படகு குறைவாக ஆடும், பின்தளம் முழுதும் மீன்பிடிக்கக் கிடைக்கும். விலை என்னவென்றால், கீழ்நோக்கிச் சாய்ந்து போகும் இந்தத் தண்டு உந்துவிசையில் சிறு பகுதியை மேல்நோக்கி வீணாக்கும், நீருக்குள் இழுவையும் கூடும்.

ஸ்டெர்ன் டிரைவை வைத்துக்கொண்டால் முறுக்குவிசையைப் பார்க்க வேண்டும். பற்சக்கரங்களை உடைப்பது அதுதான். நிமிடத்துக்கு 4,400 சுற்றில் 330 குதிரைத்திறன் என்றால் முறுக்குவிசை சுமார் 530 நியூட்டன் மீட்டர். 3,800 சுற்றில் 315 என்றால் 580. 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் 3,000 சுற்றில் 370 தரும்போது அது 880ஐத் தொடும். பெட்ரோலுக்கென்று செய்த டிரைவ் முதலாவதைத் தாங்கியதால் மூன்றாவதையும் தாங்கும் என்று நம்பக் கூடாது.

சில சின்ன வேலைகளும் உண்டு. டீசல் பம்ப் தான் எரிக்காததைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும், அதற்கென்று தனிக்குழாய் வேண்டும். துத்தநாகம் பூசிய தொட்டி ஆகாது. முழுவேகத்தில் அந்த 4.2 லிட்டர் டீசல் நொடிக்கு ஏறத்தாழ 300 லிட்டர் காற்றை இழுக்கும், பழைய காற்றுவழிகள் போதாமல் போகலாம்.

கடைசியாக புரொப்பல்லர். பெட்ரோலைவிடச் சுற்று குறைவு என்பதால், ஒரு சுற்றில் அதிக தூரம் தள்ளும் இலை வேண்டும். 1.5 விகித டிரைவில் 3,800 சுற்று என்றால் புரொப்பல்லர் நிமிடத்துக்கு 2,533 முறை சுழலும். ஒரு சுற்றில் இலை முன்னேற வேண்டிய தூரமே பிட்ச்; 24 அங்குலப் பிட்ச் கணக்கில் 50 நாட், நீரில் வழுக்கல் 12 சதவீதம் போனால் 44. மேலே வந்த 39 நாட்டுக்கு இது அதிகம். அந்த இலையைப் போட்டால் என்ஜின் தன் 3,800ஐ எட்டாது. எட்டாத டீசல் திணறும், கரும்புகை விடும். எரிக்கக் காற்றில்லாமல் எரிபொருள் மட்டும் உள்ளே போவதால் வெளியேறும் புகையின் வெப்பம் ஏறி வால்வுகளைத் தின்னும். 21 அல்லது 22 அங்குலம் பொருந்தும். முழுத் தொட்டி, பனிக்கட்டிப் பெட்டி, ஆட்கள் எல்லாவற்றோடும் சோதனைக்குப் போய், அந்தச் சுமையிலும் சுற்று 3,800ஐத் தாண்டும்வரை பிட்சைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.