முட்டு என்று வந்த பிள்ளை

"டொக்டர், பிள்ளைக்கு முட்டு. ரெண்டு தரம் ஆவி பிடிச்சும் குறையேல்லை" என்று சொல்லிக்கொண்டேதான் தாய் வந்தார். வடமராட்சிப் பக்கம், மகள் இருபது வயதுகூட ஆகாத பெண். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டேன், முட்டுக்கு, அதாவது ஆஸ்துமாவுக்கு, உரிய இழுப்புச் சத்தமே இல்லை. ஆனால் ஓடி வந்து நின்றவளைப் போல ஆழமாக, ஓயாமல் மூச்சு விட்டாள். பக்கத்தில் நின்ற தாதி, "பழுத்த பழம் மாதிரி மணக்குது" என்றார். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. அது கீற்றோன் வாசம், உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள். அந்த வாசம் எல்லா மூக்குக்கும் பிடிபடாது. என் மூக்கு அந்த ரகம்.

சிறுவயதிலிருந்தே சலரோகம், இன்சுலினில் இருப்பவள். இரண்டு நாளாகச் சத்தி. "சாப்பிடாத பிள்ளைக்கு ஊசி போட்டால் சீனி விழுந்திடுமெண்டு நிப்பாட்டினம்" என்றார் தாய். நியாயமான பயம்தான். ஆனால் வருத்த நேரத்தில் சாப்பிடாமலே சீனி ஏறும். இன்சுலின் அறவே இல்லாவிட்டால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும், அதில் வருவதுதான் கீற்றோன் அமிலம்.

பீஎச் என்பது அமில அளவைக் காட்டும் எண், அது குறையக் குறைய அமிலம் கூடும். இரத்தத்தின் பீஎச் 7.35க்கும் 7.45க்கும் இடையில் இருக்க வேண்டும். அவளுக்கு 7.1. சின்ன வித்தியாசமாகத் தெரியும், ஆனால் இந்த அளவில் 0.3 இறங்கினாலே அமிலம் இரட்டிப்பு. வழமையில் இரத்தத்திலுள்ள பைகாபனேற்று என்ற காரப்பொருள் அமிலத்தை உடனே தாங்கிக்கொள்ளும். இரத்தத்தில் அமிலத்தைக் கூட்டும் காபனீரொட்சைட்டை நுரையீரல் நிமிடக்கணக்கில் வெளியே தள்ளும். சிறுநீரகம் ஆறுதலாக, நாட்கணக்கில் மிச்சத்தைக் கழிக்கும். அவளுடைய அந்த மூச்சு, அமிலத்தை ஊதித் தள்ள உடல் பட்ட பாடு. 1874இலேயே ஜேர்மன் மருத்துவர் குஸ்மவுல் எழுதி வைத்த மூச்சு அது.

இதற்கிடையில் கிளினிக்குக்கு வரும் சுகதேகிகள் என்னிடம் கேட்பது, இரத்தத்தின் அமிலத்தைக் குறைக்கும் என்று போத்தலில் வரும் காரத்தண்ணீரைப் பற்றி! அந்தத் தண்ணீரோ தேசிக்காய்ச் சாறோ, இரத்தத்தின் பீஎச்சை மாற்றாது. சிறுநீரின் பீஎச் கொஞ்சம் மாறலாம், அவ்வளவுதான்.

இன்சுலினில் இருப்பவர்களுக்குக் காய்ச்சலோ சத்தியோ வந்தால் நீண்ட நேரம் வேலை செய்யும் ஊசியை நிறுத்த வேண்டாம். அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். சில மணிக்கு ஒருதரம் சீனி பாருங்கள், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். சத்தி நிற்காவிட்டாலோ மூச்சு இப்படி மாறினாலோ விடியும்வரை பார்த்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

சேலைனும் இன்சுலினும் ஏறி, விடியப்புறம் அவளுடைய மூச்சு அடங்கியது. தாய் மெல்லக் கேட்டார், "அப்ப முட்டு இல்லையோ டொக்டர்?"