கையெழுத்துப் போடாதவருக்கும் வரி உண்டு

அமெரிக்காவில் வரி வழக்குகள் பார்க்கிறேன். வரி சீசன் வந்தால் யாராவது ஒருவர், அரசே கூடாது என்று எழுதிய பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வழக்கறிஞர் லைசாண்டர் ஸ்பூனரின் நாலு பக்கத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார். இந்த முறை வந்தவர் நல்ல வேலையில் இருக்கும் நம்ம ஊர்க்காரர். ஏதோ ஆன்லைன் வகுப்புக்குப் பணம் கட்டி, சம்பளம் வருமானமே இல்லை என்று ரிட்டர்னில் பூஜ்யம் போட்டு அனுப்பிவிட்டார். அபராத நோட்டீஸ் வந்த பிறகு, "அரசியல் சாசனத்தில் நான் கையெழுத்தே போடலையே மேடம்" என்கிறார்.

சரி, அந்த வாதம் ஸ்பூனருடையதுதான். 1870இல் வந்த 'நோ ட்ரீசன்' வரிசையின் ஆறாம் எண்ணில் இருக்கிறது. சாசனம் ஒப்பந்தம் என்றால் அதை ஏற்றவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். அவர்கள் எல்லோரும் செத்துப்போனார்கள். ஓட்டுப் போடுவதும் வரி கட்டுவதும் சம்மதத்துக்குச் சாட்சி ஆகாது என்கிறார். ஏன் ஆகாது? அங்கேதான் வகுப்பு நடத்துகிறவர்கள் பக்கத்தைக் கிழித்துவிடுகிறார்கள். வரி மிரட்டி வாங்கப்படுகிறது, கட்டாவிட்டால் சொத்தை எடுத்துக்கொள்வார்கள், எதிர்த்தால் ஆள் சேர்த்துக்கொண்டு வருவார்கள், அதற்கும் அடங்காவிட்டால் கொன்றே போடுவார்கள் என்று படிப்படியாக எழுதியவரும் இதே ஸ்பூனர்தான். அரசுக்குத் தார்மீக உரிமை இல்லை என்பது அவர் கட்சி. சாசனத்தில் கையெழுத்துப் போடாதவரை அரசு விட்டுவிடும் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. விடாது என்பதுதான் அவருடைய புகாரே! அதைப் போய் விலக்குச் சான்றிதழ் மாதிரி நீட்டினால் என்ன செய்வது?

ஸ்பூனர் சட்டம் தெரியாதவரும் இல்லை. கல்லூரிப் பட்டம் இல்லாதவர் ஐந்து ஆண்டு பயிற்சி முடித்தால்தான் வழக்கறிஞர் ஆகலாம் என்ற மாசசூசெட்ஸ் விதியை எதிர்த்து மனுப் போட்டார். 1836இல் விதி போயிற்று. (எங்கள் தொழிலில் இன்றும் பலருக்கு இது பிடிக்காத கதை.) 1844இல் அரசுத் தபாலுக்குப் போட்டியாகத் தனியார் தபால் கம்பெனி தொடங்கியபோது, போஸ்ட்மாஸ்டர் ஜெனரலுக்குத் தானே கடிதம் எழுதித் தெரிவித்தார். கம்பெனி நொடித்துப்போனது. தபால் கட்டணம் என்னவோ குறைந்தது.

இன்னொரு கூத்து, அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்கள் நடத்திய போரை எதிர்த்தார் என்பதற்காக, அவரை அடிமை முறையைக் காக்க நின்ற தெற்கின் ஆளாக்குவது. அடிமை முறை சாசனத்துக்கே விரோதம் என்று 1845இல் புத்தகம் போட்டவர் அவர். 1858இல் அடிமைகளின் ஆயுதக் கிளர்ச்சிக்கே திட்டம் எழுதினார்.

ஜூரி, அதாவது வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, பற்றிய அவருடைய 1852 நூலையும் சிலர் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சட்டம் நியாயமா என்பதையும் ஜூரியே தீர்மானிக்கலாம் என்று அதில் வாதாடுகிறார். அருமையான நூல். ஆனால் அந்த அதிகாரத்தை நீதிபதி ஜூரிக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை என்று 1895இலேயே உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. ஜூரிக்கு ஆள் எடுக்கும்போது உங்களிடம் இதைப் பற்றிக் கேள்வி கேட்டால், சத்தியப் பிரமாணத்தில் இருக்கிறீர்கள் என்பதை மறக்காதீர்கள்.

இனி வரிக்கு வருவோம். ஆதாரமற்ற வாதம் என்று பெயர் வாங்கிய ரிட்டர்னுக்கு 5,000 டாலர் அபராதம், ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் தனித்தனியாக. அதே வாதத்தை வரி நீதிமன்றத்தில் போய்ச் சொன்னால் 25,000 டாலர் வரை. கிரீன் கார்டில் இருப்பவர்களே, தயவுசெய்து கேளுங்கள்: குடியுரிமைக்கான என்-400 படிவத்தில் வரி பற்றிக் கேட்பார்கள். உங்கள் தத்துவம் அங்கே எடுபடாது.

வகுப்பு எடுத்தவரிடமே நோட்டீசுக்குப் பதில் எழுதித் தரச் சொல்லாதீர்கள். கவரைப் பிரிக்காமல் மேசையில் போடாதீர்கள். பற்றாக்குறை நோட்டீஸ் (நீங்கள் இன்னும் இவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று சொல்லும் நோட்டீஸ்) என்றால், அதில் உள்ள தேதியிலிருந்து 90 நாளுக்குள் வரி நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். நோட்டீஸ் அமெரிக்காவுக்கு வெளியே உள்ள முகவரிக்கு அனுப்பப்பட்டிருந்தால் 150 நாள். ஐ.ஆர்.எஸ். எனும் அமெரிக்க வரித்துறைக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருப்பதால் அந்தக் கெடு ஒரு நாள்கூட நீளாது. வரும்போது நோட்டீசின் எல்லாப் பக்கங்களையும் கொண்டுவாருங்கள். ஸ்பூனர் என்னிடமே இருக்கிறார்.