வாடகை காருக்கு உங்கள் பாலிசி எதுவரை வரும்?

அமெரிக்காவில் வாடகை கார் எடுப்பவர்கள் பெரும்பாலும் விமான நிலையக் கவுன்டரில் நின்றபடியேதான் காப்பீட்டுத் துறையிலுள்ள எங்களை அழைக்கிறார்கள். எதிரே உள்ள ஊழியர் நான்கைந்து வகைப் பாதுகாப்புகளைத் திரையில் காட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒப்புதலோ மறுப்போ கேட்டுக்கொண்டிருக்க, பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்கும். "என் சொந்த காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, அது போதாதா?" என்று கேட்கிறார்கள். உங்கள் பாலிசி பொதுவாக வாடகை காருக்கும் பொருந்தும் என்பது உண்மைதான். ஆனால் அதில் என்ன வாங்கியிருக்கிறீர்களோ அது மட்டுமே, அதன் வரம்புகளோடும் ஓட்டைகளோடும் பொருந்தும்.

முதலில், நீங்கள் பிறருக்கு ஏற்படுத்தும் காயத்துக்கும் சேதத்துக்குமான லையபிலிட்டி. சொந்த காருக்கு என்ன வரம்போ அதே வரம்புதான் வாடகை காருக்கும். மாநிலம் கேட்கும் குறைந்தபட்சத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் இங்கே யோசிக்க வேண்டும். கலிஃபோர்னியா பல்லாண்டுகளாக மாறாதிருந்த தன் வரம்பை 2025 ஜனவரியில்தான் உயர்த்தியது. அப்படியும் ஒருவரின் காயத்துக்கு 30,000 டாலரும் பிறர் உடைமைக்கு 15,000 டாலரும்தான், மருத்துவமனைச் செலவு அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு சிறியது என்று சொல்லத் தேவையில்லை. கார் வாடகை நிறுவனத்துடையது, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பியிருக்கவும் முடியாது. வாடகை நிறுவனம் தானே தவறு செய்திருந்தாலொழிய, ஓட்டியவரின் கவனக்குறைவுக்குக் காரின் உரிமையாளர் என்ற காரணத்தால் மட்டும் அதைப் பொறுப்பாக்க முடியாது என்று 2005-ஆம் ஆண்டின் கிரேவ்ஸ் திருத்தம் என்னும் கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது.

அடுத்தது வாடகை காருக்கே நேரும் சேதம். உங்கள் பாலிசியில் கொலிஷனும் (மோதலால் வரும் சேதத்துக்கானது) காம்ப்ரிஹென்சிவும் (திருட்டு, தீ போன்ற பிற இழப்புகளுக்கானது) இருந்தால்தான் இது கிடைக்கும். பழைய கார்தானே என்று லையபிலிட்டியை மட்டும் வைத்திருப்பவர், விடுமுறைக்குப் புத்தம்புதிய எஸ்யூவியை வாடகைக்கு எடுக்கும்போது அந்த வண்டியின் முழு மதிப்பையும் தன் தோளில் சுமந்தபடியே ஓட்டுகிறார். பாலிசியின் முதல் பக்கமான டிக்ளரேஷன்ஸில் இந்த இரண்டு சொற்களுக்கும் எதிரே தொகை அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்தத் தொகைதான் டிடக்டிபிள். 500 டாலரோ 1,000 டாலரோ, அதை நீங்கள் கட்டிய பிறகே மீதியைக் காப்பீட்டு நிறுவனம் தரும்.

கொலிஷன் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களையும் திகைக்கவைப்பது பின்னர் தபாலில் வரும் பில். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும், மாநிலச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு, தவறு யாருடையதாயினும் காரின் சேதம் உங்கள் பொறுப்பாகிறது. நிறுத்திவைத்த காரை யாரோ இடித்துவிட்டு ஓடிவிட்டாலும் கணக்கு உங்கள் பெயரில்தான் எழுதப்படும். அந்த பில்லில் பழுதுச் செலவுக்குக் கீழே இன்னும் சில வரிகள் இருக்கும்: கார் பணிமனையில் கிடந்த நாட்களுக்கான வாடகை இழப்பு, நிர்வாகக் கட்டணம், விபத்துக்குள்ளானதால் குறைந்த மறுவிற்பனை மதிப்பு. பரவலாகப் புழங்கும் பாலிசி வாசகத்தின் 2005 பதிப்பு, வாடகை இழப்புக்கு நாளொன்றுக்கு 20 டாலர் வீதம் மொத்தம் 600 டாலர் வரைதான் தருகிறது. கார் 18 நாள் பணிமனையில் இருந்தது, நிறுவனம் நாளுக்கு 45 டாலர் கேட்கிறது என்று வைத்துக்கொண்டால், 810 டாலரில் 360 மட்டுமே பாலிசியிலிருந்து வரும். மீதி 450 டாலரும் டிடக்டிபிளும் உங்களுடையவை. நிர்வாகக் கட்டணத்தையும் மதிப்புக் குறைவையும் பல பாலிசிகள் ஏற்பதேயில்லை. அத்தனை நாளும் அந்த காருக்கு உண்மையில் வாடிக்கையாளர் இருந்தாரா என்பதற்கான பதிவேட்டைக் கேட்டுப் பெறுங்கள் என்று நான் எப்போதும் சொல்வேன். அதைக் கேட்ட பிறகு தொகை இறங்குவதும் உண்டு.

மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். நியூயார்க், மினசோட்டா ஆகிய மாநிலங்களின் தனிநபர் பாலிசிகளில், வாடகை காரின் சேதத்தைச் சட்டமே லையபிலிட்டிப் பகுதியோடு சேர்த்துவிட்டிருக்கிறது. அங்குள்ளவர்கள் கவுன்டரில் கூடுதலாக வாங்கும் முன் தங்கள் ஏஜெண்டிடம் கேட்பது நல்லது.

கவுன்டரில் விற்கப்படும் சேத விலக்கு, கண்டிப்பாகச் சொன்னால், இன்ஷூரன்ஸே அல்ல. சேதத்துக்காக உங்களிடம் பணம் கேட்கமாட்டோம் என்ற உறுதிமொழி மட்டுமே. ஒப்பந்தத்தை மீறினால் அந்த உறுதிமொழி செல்லாது. மது அருந்திவிட்டு ஓட்டுவது மட்டுமல்ல, ஒப்பந்தத்தில் பெயர் சேர்க்காத மைத்துனரிடம் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங்கைக் கொடுப்பதும் மீறல்தான். நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இரண்டாவதில். கொலிஷன் இல்லாதவர்களும், கிளெய்ம் செய்து பிரீமியம் ஏறுவதை விரும்பாதவர்களும் இந்த விலக்கை வாங்குவது வீண்செலவல்ல என்பதே என் கருத்து.

கிரெடிட் கார்டு தரும் பாதுகாப்பு பெரும்பாலும் உங்கள் பாலிசிக்குப் பிறகே வேலை செய்யும். முழு வாடகையையும் அந்த கார்டிலேயே கட்டி, கவுன்டரின் சேத விலக்கை மறுத்திருந்தால்தான் அதுவும் கிடைக்கும். டிடக்டிபிளை ஈடுகட்ட அது நன்கு உதவும், ஆனால் எதிரே வந்தவருக்கு ஏற்பட்ட காயத்துக்கு அதிலிருந்து ஒரு சென்ட்கூட வராது.

வழக்கமான தனிநபர் பாலிசியின் எல்லை அமெரிக்கா, அதன் ஆட்சிப்பகுதிகள், கனடா ஆகியவற்றோடு முடிகிறது. மெக்சிகோவுக்குள் ஓட்டுவதாக இருந்தால் அந்நாட்டுப் பாலிசி தனியே வேண்டும். வீடு மாறும்போது எடுக்கும் பெரிய டிரக்குக்கு நேரும் சேதத்தைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. செயலி வழியே தனியாரிடமிருந்து எடுக்கும் காருக்கு உங்கள் பாலிசியும் கார்டும் பொருந்துமா என்பதை, முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சொந்த காரே இல்லாமல் அடிக்கடி வாடகைக்கு எடுக்கும் மாணவர்களுக்குச் சொந்த காரில்லாதவர்களுக்கான பாலிசி என்று ஒன்று உண்டு. அது லையபிலிட்டிக்கு மட்டுமே என்பதால், வாடகை காரின் சேதத்துக்கு அவர்கள் கவுன்டரின் விலக்கையோ கார்டின் பாதுகாப்பையோதான் நாட வேண்டியிருக்கும்.