பானெட் திறக்கவில்லையா? கையை எடுங்கள்

போன மாதம் கோட்டூர்புரத்திலிருந்து ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் பட்டறைக்கு வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தபோது போர்ட்டிகோவில் நின்ற வண்டி. அதன் பிறகு யாரும் தொடவில்லை. "நாலு பேர் சேர்ந்து தூக்கிப் பார்த்தோம் தம்பி, பானெட் அசையவே மாட்டேங்குது" என்றார் வீட்டுக்காரப் பெரியவர்.

எனக்குப் பகீரென்றது. அசையாமல் இருந்ததே அவர் அதிர்ஷ்டம்.

1961-ல் சென்னையிலேயே தயாரிக்கத் தொடங்கிய வண்டி ஹெரால்டு. அதில் பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட்டோடு மொத்த மூக்கும் முன்பக்கமாகக் கவிழும். அவ்வளவு பாரத்தையும் தாங்குவது முன்னால் கீழே இருக்கும் இரண்டு கீல்கள். சாலைத் தண்ணீரும் சேறும் முதலில் போய்ச் சேர்கிற இடமும் அதுதான். இரும்பு துருவானால் முன்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். போல்ட்டுக்கும் அதைச் சுற்றியிருக்கும் புஷ் என்ற குழலுக்கும் நடுவில் இருந்த மயிரிழை இடைவெளியைத் துரு நிரப்பிவிட்டால் அங்கே ஆப்பு அடித்த மாதிரி. அப்போது பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினால் கீல் சுழலாது, தகடு மடங்கும். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படித் தூக்கியவன்தான். ஒரு புது போல்ட் செய்வது லேத்தில் அரை மணி நேர வேலை. நான் மடக்கிய மட்கார்டை டிங்கர் அண்ணன் நிமிர்த்தப் பத்து நாள் ஆனது. இன்றும் வெயிலில் சாய்த்துப் பார்த்தால் அந்த மடிப்பு எனக்குத் தெரியும்.

முதல் வேலை கம்பி பிரஷ்ஷும் கண்ணாடியும். கண்ணாடி போடாமல் வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள், துரு நேரே கண்ணில்தான் விழும். அடுத்து ஸ்பேனர். அந்தக் காலத்து வண்டிகள் இஞ்ச் கணக்கு. அரை இஞ்ச் போல்ட் தலை என்றால் 12.7 மில்லிமீட்டர். கைக்குக் கிடைத்த 13-ஐ மாட்டினால் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். ஆனால் அரித்துப்போன தலையில் அந்த 0.3 மில்லி ஆட்டமே போதும், ஆறு மூலையும் மழுங்கிவிடும்.

துருவுக்குள் ஊடுருவும் எண்ணெய்க்கு நான் அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் சரிபாதி கலப்பேன். இரண்டும் ஒட்டாது, ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். பெயின்ட்டில் சொட்டினால் தின்றுவிடும். காலையும் மாலையும் கொஞ்சம் விட்டு, போல்ட் தலையில் சுத்தியலால் லேசாகப் பத்துத் தட்டு. அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே நகரும். டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் ஸ்பேனரில் தொங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும்.

மூன்று நாளில் அசையவில்லை என்றால் சூடு. சூடு காட்ட வேண்டியது போல்ட் நுழையும் ஓட்டை உள்ள கீல் காதுக்கு, போல்ட்டுக்கு அல்ல. 10 மில்லி ஓட்டை 200 டிகிரி சூடேறினால் சுமார் 0.024 மில்லிதான் விரியும். துரு பிடி விட அது போதும்.

இங்கேதான் ஆபத்து. சூடு காட்டும் கேஸ் டார்ச்சைப் பற்றவைக்கும் முன் சுத்தமாக இருக்கட்டும் என்று பட்டறைப் பையன் பிரேக் கிளீனரை எடுத்தான். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். சில பிரேக் கிளீனர்களில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும். தீயில் பட்டால் அது பாஸ்ஜீன் வாயுவாக மாறும். முதல் உலகப் போரில் ஆளைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. சுவாசித்தவுடன் லேசாக இருமல்தான் வரும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது பல மணி நேரம் கழித்து. அசிட்டோனும் லேசுப்பட்டதல்ல, சென்னை வெயிலில் அதன் ஆவி தீப்பொறிக்காகக் காத்திருக்கும். எண்ணெய் விட்ட அன்று நான் டார்ச்சைத் தொடுவதில்லை. ஹெரால்டில் டேங்க் டிக்கியில் இருந்தாலும் பெட்ரோல் குழாய் இன்ஜின் வரை வருகிறது. அதைக் கழற்றி, காலிசெய்து, ஒரு வாளி மணலைப் பக்கத்தில் வைத்த பிறகுதான் தீ.

சூடு இறங்கும்போது மெழுகுவத்தியை விளிம்பில் தேய்த்தேன். உருகி உள்ளே இழுத்துக்கொண்டது. ஸ்பேனரை முதலில் இறுக்கும் பக்கம் துளி தள்ளி, பிறகு கழற்றும் பக்கம், மறுபடி இறுக்கும் பக்கம். நாலாவது தடவை 'டக்' என்றது.

போல்ட்டோடு சாம்பல் நிற வண்டலும் பொலபொலவென்று கொட்டியது. பெரியவர் அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். "எங்க வீட்டுச் சுவத்துலயும் இதேதான் இருந்துச்சு" என்றார்.

இடப்பக்கக் கீல் கழல இன்னும் இரண்டு நாள் பிடித்தது.