ரோமானியக் காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. "சார், எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்க" என்று பெருமையோடு ஒருவர் என் மேசையில் ஒரு காசை வைத்தார். ரோமப் பேரரசர் கல்லியேனஸ் வெளியிட்டது. பின்பக்கம் டயானா தேவியின் மான் நிற்க வேண்டும். உடம்பு மட்டும் நின்றது, கொம்பைக் காணோம். மானுக்குக் கீழே எந்தப் பட்டறையில் அடித்தது என்று சொல்லும் கிரேக்க எழுத்தும் போயிருந்தது. ராத்திரி முழுக்கப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் கம்பி நாரால் தேய்த்தாராம். உள்ளே வெள்ளி இருக்கிறது என்று யாரோ சொன்னார்களாம்.

உள்ளே ஏதய்யா வெள்ளி? இருந்ததே மேலேதான். கி.பி. 215-இல் பேரரசர் கரகல்லா இந்த வகைக் காசைத் தொடங்கியபோது சுமார் பாதி வெள்ளி. 260-இல் பேரரசர் வலேரியன் பாரசீக மன்னர் ஷாபூரிடம் சிறைப்பட்டார். மகன் கல்லியேனஸுக்கு எல்லையெங்கும் போர்; படைக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும், கஜானாவில் வெள்ளி இல்லை. 268-இல் அவர் கொல்லப்படும்போது நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை, மீதி பெரும்பாலும் செம்பு. அதை மறைக்க மேலே ஒரு வெள்ளிப் பூச்சு. பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோமே, அதைவிட மெலிது. நாரோடு போனது அதுதான். இப்போது பளபளப்பது வெறும் செம்பு.

அப்புறம், பழைய காசின் மேல் தெரியும் பச்சை நிறம் அழுக்கு அல்ல. பித்தளைச் சொம்பில் நேற்று ஏறிய களிம்பும் அதுவும் ஒன்றல்ல. காசின் மேல்தோலே 1,700 ஆண்டுகளில் அப்படி மாறியிருக்கிறது. மானின் கொம்பு அந்தத் தோலில்தான் இருந்தது. தோலை உரித்துவிட்டுக் கொம்பைத் தேடினால்?

விலையும் கேட்டார். இங்கிலாந்தின் ஃப்ரோம் ஊரருகே 2010-இல் ஒரே பானையில் 52,503 காசுகள் கிடைத்தன, பெரும்பாலும் இந்தக் காலத்தவை. அபூர்வமில்லை, சாமி. தெளிவாக இருந்தால்தான் மதிப்பு.

புளி, எலுமிச்சை, வினிகர், பாத்திரப் பொடி எதுவும் வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தொட்டு எடுங்கள். நன்றாக உலர்த்துங்கள். வெளிர் பச்சையாகப் பொடி உதிர்ந்தால் மட்டும் சும்மா இருக்காதீர்கள். அது வெண்கல நோய், ஈரம் பட்டால் காசையே அரித்துவிடும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் போட்டு, தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். தயவுசெய்து, தேய்ப்பதற்கு முன்பு.